வெள்ளுள்ளி வாடை அடித்த கல்யாணப் பந்தல்

நெய்யாற்றின்கரைச் சந்தைக்குப் பின்னால் நம் கம்பெனியின் கேஸ் தொட்டி ஒன்று நிற்கிறது. போன செவ்வாய்க்கிழமை அந்தப் பக்கம் போனேன். தொட்டியைச் சுற்றி நிற்கும் மூன்று இரும்புத் தூண்களில் ஒன்றில் யாரோ பசுவைக் கட்டியிருந்தார்கள். இன்னொன்றில் ஈர வேட்டி காய்ந்தது. மூன்றாவது தூணில் சாய்ந்துகொண்டு நம் ஆள் ஒருவன் பீடி குடித்துக்கொண்டிருந்தான். அவன் பெயரை எழுதமாட்டேன். அவனுக்குத் தெரியும். அன்று நான் அவனைப் பேசிய பேச்சில் மீன்காரிகளே காதைப் பொத்திக்கொண்டார்கள். அதற்காக எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

புதிதாகச் சேர்ந்திருக்கிற உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுக்கும்படி ஆபீசில் கேட்டார்கள். விளக்கை எப்படி மாட்டுவது, குழாயை எப்படி வளைப்பது, கார்பைடு கல்லை எவ்வளவு போடுவது என்பதெல்லாம் ஒரு மாதத்தில் உங்கள் கைக்கு வந்துவிடும். அதை நான் எழுதப்போவதில்லை. நான் தொட்டியைப் பற்றி எழுதுகிறேன். ஏனென்றால் அதை ஒருவரும் பார்ப்பதில்லை. விளக்கு எரிந்தால் ஊரே வாய் பிளந்து விளக்கைப் பார்க்கிறது. அந்த வெளிச்சம் முழுவதும் பின்புறத்தில் ஒரு இரும்புப் பீப்பாய்க்குள் அடைந்து கிடந்தது என்று யார் நினைக்கிறார்கள்? தண்ணீர்த்தொட்டி என்கிறார்கள். எண்ணெய்ச் செக்கு என்று ஒருவர் என்னிடமே அடித்துச் சொன்னார். ஊர்க்காரர்கள் பார்க்காமல் போகட்டும். நீங்கள் பார்க்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்குத்தான் இது. பார்க்காமல் போனவன் நான்தான்.

படிக்கிற எல்லாருக்கும் விளங்கட்டும் என்று தொட்டியின் சங்கதியை முதலில் சொல்லிவிடுகிறேன். கார்பைடு கல்லில் தண்ணீர் பட்டால் கேஸ் வரும். அது குழாய் வழியாகத் தொட்டிக்குப் போகும். தொட்டி நிறையத் தண்ணீர். அந்தத் தண்ணீரில் பெரிய இரும்புப் பீப்பாய் ஒன்று கவிழ்ந்து கிடக்கும். உள்ளே கேஸ் சேரச் சேரப் பீப்பாய் மேலே எழும்பும். விளக்கு எரிய எரியக் கீழே இறங்கும். அது சாயாமல் ஏறி இறங்கத்தான் சுற்றிலும் மூன்று தூண்கள். பீப்பாயின் விளிம்பு தண்ணீருக்குள் இருக்கிறவரை கேஸ் வெளியே வராது. ஏறுவதற்கு வழி இல்லையென்றால் விளிம்புக்கு அடியில் புகுந்து குமிழ் குமிழாக வெளியே வந்துவிடும். அப்போது பக்கத்தில் தீ இருந்தால் மேற்கொண்டு சொல்ல ஆள் இருக்காது.

நான்கு பேர் தூக்க முடியாத இரும்பு ஒரு சத்தமும் இல்லாமல் தானாக மேலே எழும்புவதை நான் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். இன்றைக்கும் பார்த்தால் எனக்கு உடம்பு சிலிர்க்கும். சிலிர்க்காதவன் இந்த வேலைக்கு வந்திருக்க வேண்டாம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உதியன்குளங்கரைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய சைவக் குடும்பம். வீட்டுக்காரர் மகாராஜா சர்க்காரில் நிலவரிக் கச்சேரியில் உத்தியோகம் பார்த்து ஓய்ந்தவர். ஊரில் அவரைப் பெரியபிள்ளை என்பார்கள். மகள் கல்யாணத்துக்குத் திருவனந்தபுரத்து மாளிகையைப் போலக் கேஸ் விளக்கு எரிய வேண்டும் என்று ஆசைப்பட்டு வீட்டுக்கே தொட்டி வைத்தார். கட்டி முடித்ததும் அவருக்கு அது பிடிக்கவில்லை.

"இது என்னடே, சவம் மாதிரி கறுத்துக் கிடக்கு? ஆரும் பாக்கப்பிடாது, கேட்டியா? விளக்கு முன்னால இருக்கட்டு. இது பின்னால கெடக்கட்டு."

அதனால்தான் தொட்டி வீட்டுக்குப் பின்னால், தொழுவத்துக்கும் சமையல் இடத்துக்கும் நடுவில் இருந்தது. முகூர்த்தம் அந்தி நேரத்தில். விளக்கு வெளிச்சத்தில் தாலி கட்ட வேண்டும் என்றே அந்த நேரத்தைக் குறித்திருந்தார்கள்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் பந்தல்காரர் பொன்னையன் வந்தார். பாறசாலைக்காரர். அந்த வட்டாரத்தில் அவர் கட்டின பந்தல் எந்தக் காற்றிலும் விழுந்ததில்லை. முன்பந்தலை முடித்துவிட்டுப் பின்னால் சமையலுக்கு ஓலைப்பந்தல் இறக்கினார். அப்போது நான் முற்றத்தில் ஏணிமேல் நின்று நடுவிளக்கை மாட்டிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு சுடர் எரியும் கேஸ் விளக்கு. சீமையிலிருந்து வந்த கண்ணாடி. அதைவிட முக்கியமான வேலை உலகத்தில் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"மேஸ்திரியாரே," என்று கீழே நின்று பொன்னையன் கூப்பிட்டார். "பின்னால உள்ள அந்த இரும்புத் தூணுல கூரைக்க ஓரத்தைக் கெட்டிக்கிடட்டா? நல்ல உறுதியாட்டு இருக்கு."

"கெட்டும், கெட்டும்," என்றேன். திரும்பக்கூட இல்லை.

"அந்தச் செம்பு மாதிரி ஒண்ணு கெடக்குல்லா, அது ஒண்ணும் செய்யாதே?"

"அது சும்மா கெடக்கும். நீரு கெட்டும்வே."

இந்த வார்த்தைகளை நன்றாகப் படித்துக்கொள்ளுங்கள். நான் சொன்னது. என் வாயால் சொன்னது. அவர் கேட்டார். சரியான இடத்தில், சரியான ஆளிடம், இரண்டு தடவை கேட்டார். கண்ணாடி விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்த நான் அவரைப் பார்க்காமலே பதில் சொன்னேன். அப்போது கேஸ் இல்லாததால் பீப்பாய் அடிமட்டத்தில் கிடந்தது. அது ஆளுயரத்துக்கு மேல் எழும்பும் என்று அந்த மனுஷருக்கு எப்படித் தெரியும்? பொன்னையன் இரண்டு தூண்களுக்குக் குறுக்காக ஒரு பனங்கையை, பனைமரச் சட்டத்தை, வைத்துக் கட்டி, அதன்மேல் கூரையின் தாழ்ந்த ஓரத்தை இறக்கினார். நேராகப் பீப்பாய்க்கு மேலே.

கல்யாணத்தன்று காலையில் நான் பார்த்திருக்கலாம். பார்க்க முடியாதபடி இன்னொன்று வந்து சேர்ந்தது. சைவக் கல்யாணத்தில் சமையல் செய்கிறவரைத் தவசிப்பிள்ளை என்பார்கள். அவர் அடுப்பில் தீ மூட்டிவிட்டால் என்னைப் போன்றவர்களும் பொன்னையனைப் போன்றவர்களும் சமையல் பந்தலுக்குள் கால் வைக்கக்கூடாது. பார்வைகூடப் படக்கூடாது என்று தொட்டிவரைக்கும் ஓலைத்தட்டி வைத்து மறைத்திருந்தார்கள். குறுக்குப் பனங்கை தட்டிக்கு அந்தப் பக்கம். நான் இந்தப் பக்கம். அந்தப் பக்கம் போய்த் தொட்டியைச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்று சொன்னால் பெரியபிள்ளையிடம் போய் நிற்க வேண்டும். அவர் தவசிப்பிள்ளையிடம் கேட்க வேண்டும். அவர் குதிப்பார். எதற்கு வம்பு என்று விட்டுவிட்டேன். அப்போது நினைத்தது அதுதான், எதற்கு வம்பு!

மூன்று மணிக்குக் கல்லுக்குத் தண்ணீரைத் திறந்தேன். பீப்பாய் அசைந்தது. ஒரு சாண் எழும்பியதைப் பார்த்தேன். போதும் என்று முன்பக்கம் போய்விட்டேன். முழுவதும் ஏறுகிறவரை பக்கத்தில் நிற்பதுதான் முறை. ஆனால் மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்குகிற நேரம். அவர்கள் நடுவிளக்கைப் பார்த்து அசந்துபோகும்போது நான் அதன் கீழே நிற்க வேண்டாமா?

அவர்கள் அசந்துதான் போனார்கள். எரியாத விளக்குக்கே அசந்தார்கள். மாப்பிள்ளைக்குச் சித்தப்பா ஒருவர், "இது எத்தனை பேரு ஊதினா அணையும்?" என்று கேட்டார். கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். அப்போது பின்னாலிருந்து வந்த ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார்:

"அங்க தவசிப்பிள்ளை ஒரே பெகளம். சைவக் கல்யாணத்துல எவனோ வெள்ளுள்ளி கொண்டுவந்து உரிச்சிருக்கானாம். நாற்றம் தாங்கல்லியாம். வெள்ளுள்ளி வச்சிருக்கவனைக் காட்டித் தாங்கன்னு அடுப்படியில உள்ள ஒவ்வொருத்தன் கையா மோந்து பாத்துட்டு இருக்காரு!"

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் மட்டும் சிரிக்கவில்லை.

கார்பைடு கேஸுக்கு வெள்ளுள்ளி வாடை, பூண்டு வாடை. உங்கள் சட்டையில், தலைமயிரில், வீட்டுக்காரி முகம் சுளிக்கிற உங்கள் படுக்கையில் எல்லாம் அடிக்கிற அதே வாடை.

ஓடினேன். அப்படி நான் வாழ்நாளில் ஓடியதில்லை. தொட்டிப் பக்கம் வந்தால் தண்ணீர், உலையில் அரிசி வேகிறதுபோலக் குமுறுகிறது. பீப்பாய் பாதி ஏறி, மேலே எதிலோ முட்டி, ஒரு பக்கம் சாய்ந்து இறுகிப்போய் நிற்கிறது. சாய்ந்த விளிம்பு வழியாகக் கேஸ் பொங்குகிறது. ஓலைத்தட்டியை இரண்டு கையாலும் விலக்கிப் பார்த்தேன். பீப்பாயின் தலைக்கு மேல் குறுக்கே பொன்னையன் கட்டின பனங்கை. இருபது அடி தூரத்தில் தரையில் வெட்டின ஐந்து கோட்டையடுப்புகளும் திகுதிகு என்று எரிகின்றன. மேலே முழுக்கக் காய்ந்த ஓலை. அப்பால் வீடு. வீட்டுக்குள் மணப்பெண்ணும் நூறு பெண்களும். முன்னால் முந்நூறு பேர்.

பூவார்ப் பக்கத்துக் கடற்காற்று அடித்துக்கொண்டிருந்ததால்தான் அந்த நிமிஷம்வரை உயிரோடு இருந்தோம். காற்று அடுப்புப் பக்கமிருந்து தொட்டிப் பக்கம் வீசியது. கேஸைத் தொழுவத்துப் பக்கம் தள்ளிக்கொண்டு போயிற்று. காற்று கொஞ்சம் ஓய்ந்த நேரத்தில் கேஸ் திரும்பி அடுப்படிக்குப் போயிருக்கிறது. அதுதான் தவசிப்பிள்ளை மூக்கில் ஏறிய வெள்ளுள்ளி. அந்தியானால் கடற்காற்று நின்றுவிடும். வெயில் ஏற்கெனவே தென்னந்தலைக்குக் கீழே இறங்கியிருந்தது.

தண்ணீர்த் திருகை அடைத்தேன். பிரயோசனமில்லை. நனைந்த கல் நனைந்ததுதான். தீர்கிறவரை கேஸ் வந்துகொண்டேயிருக்கும். அடுத்து என் கை விளக்குக் குழாயின் பெரிய திருகுக்குப் போயிற்று. அதைத் திறந்தால் கேஸ் முன்பக்கத்து விளக்குகள் வழியாக வெளியேறும், இங்கே அழுத்தம் குறையும். நல்ல யோசனை போலத் தோன்றியது. திருகைப் பாதி திருப்பிவிட்டேன். அப்போதுதான் முன்பந்தலில் ஏழு திரி போட்டு எரிகிற குத்துவிளக்கு நினைவுக்கு வந்தது. திருகை மறுபடி இறுக்கினேன். பதற்றத்தில் முதலில் தோன்றும் யோசனை ஆபத்தை உங்கள் கண்ணிலிருந்து அப்புறப்படுத்தும். அவ்வளவுதான். அது போய் இன்னொருவன் தலையில் இறங்கும்.

"தீயை அணையுங்கோ!" என்று கத்தினேன். "அஞ்சு அடுப்பையும் அணையுங்கோ! கேஸ் சாடிட்டு!"

தவசிப்பிள்ளை கரண்டியும் கையுமாகத் திரும்பினார். "எலே, நீயாடா வெள்ளுள்ளி?"

"வெள்ளுள்ளி இல்லவே! கேஸ் ஆக்கும்! தீப் பிடிச்சா பந்தலு, வீடு எல்லாம் போச்சு!"

"பிரதமன் பாயசம் அடுப்புல கெடக்கு. அணைக்கணுமாம்! நீ முதல்ல தட்டியை விட்டு அந்தால போடா."

அதற்குள் பெரியபிள்ளை வந்துவிட்டார். சத்தம் கேட்டு வந்தவர் நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். முகம் வெளிறிப்போயிற்று. ஆனாலும் வாயில் வந்தது இதுதான்:

"முகூர்த்தத்துக்கு முன்னால அடுப்புல வெள்ளம் ஊத்தவா? எம் பொண்ணு கல்யாணத்துல எங்கையால தீ அணைக்கவா? நடக்காது. வேற வழி பாரு."

"ஏமானே, வேற வழி இல்ல!"

"பாருன்னு சொன்னேன்லா!"

நான் கத்தினேன். கேஸ் என்றேன், அழுத்தம் என்றேன், வெடிக்கும் என்றேன். நான் சத்தத்தைக் கூட்டக் கூட்ட அவர் கல்லாகிக்கொண்டே போனார். எனக்குத் தெரிந்ததை எல்லாம் சொன்னேன். அதில் ஒன்றுகூட அவர் பிடித்துக்கொள்ளக்கூடிய சொல்லாக இல்லை. காற்று ஒரு தடவை ஓய்ந்தது. வாடை குப்பென்று எல்லார் மூக்கிலும் ஏறியது. தவசிப்பிள்ளை தன் கையைத் தானே மோந்து பார்த்தார். ஐந்து தீயையும் பார்த்துக்கொண்டு நான் மூச்சைப் பிடித்தேன். மறுபடி காற்று எழும்பியது.

அப்போது வீட்டுப் பின்வாசலில் நின்ற பெரியபிள்ளையின் மனைவி இறங்கி வந்தார். மகள் கழுத்தில் போட வேண்டிய மாலை கையில் அப்படியே இருந்தது. என்னைக் கேட்டார்:

"மண்ணு போட்டு மூடினா போருமா?"

"ஈர மண்ணுன்னா போரும் ஆச்சி. ஒரு சாண் கனத்துக்கு. கங்கு ஒண்ணும் வெளிய தெரியப்பிடாது."

அவர் புருஷனைப் பார்த்துச் சொன்னார்: "தெனமும் ராத்திரி நான் அடுப்புல சாம்பலைப் போட்டு மூடித்தானே கெடக்கேன்? காலத்த கிண்டினா கனல் கெடக்கும். அதை ஆரும் அணைச்சதாட்டு சொல்லமாட்டா. மூடி வைக்கதுதான். எடுங்கோ மம்பட்டியை."

முடிந்தது! நான் பத்து நிமிஷம் கத்தி நடக்காததை அந்த அம்மா நாலு வார்த்தையில் நடத்திவிட்டார். அணைக்கச் சொன்னேன், மறுத்தார்கள். மூடச் சொன்னார், ஓடினார்கள். அடுப்படி ஆட்கள் வாழைக்கு வெட்டின பாத்தியிலிருந்து ஈரமண்ணைப் பனையோலைக் கடவங்களில் அள்ளிக் கொட்டினார்கள். தண்ணீரை ஊற்றியிருந்தால் கங்கு தெறித்துப் பறந்திருக்கும் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. பார்த்துக்கொள்ளுங்கள், நான் கேட்டதைவிட அவர் கொடுத்தது நல்லதாக இருந்தது. தவசிப்பிள்ளை பிரதமன் உருளியின்மேல் தன் மேல்துண்டை விரித்துப்போட்டுவிட்டு, "எம் முருகா, எம் முருகா" என்று தானும் மண் அள்ளினார். முதல் அடுப்பு, இரண்டாவது, மூன்றாவது என்று எண்ணினேன். ஐந்தாவதையும் கங்கு தெரியாமல் மூடியாயிற்று.

தீ போயிற்று. கேஸ் போகவில்லை. கூரைக்குள் தங்கிக்கொண்டிருந்தது. பீப்பாயை விடுவிக்க வேண்டும். ஒரு அரிவாளை வாங்கிக்கொண்டு தட்டியைத் தாண்டப் போனேன். பின்னாலிருந்து ஒரு கை என் தோளைப் பிடித்து இழுத்தது. பொன்னையன்.

"அறுக்காதேயும்! பாரம் முழுக்க அந்தப் பனங்கையில ஆக்கும் நிக்கி. வெறுதே அறுத்தா கூரை அப்படியே உருளியில போய் விழும். அடுப்பு மண்ணு செதறும். கனல் வெளிய வரும்."

அதை நான் யோசிக்கவில்லை. சத்தியமாக யோசிக்கவில்லை.

"மூணு கெட்டு உண்டு. நடுவுல உள்ளதை முதல்ல அறுக்கணும். அதுக்கு முன்ன கூரைக்க ஓரத்தை ஆளு தாங்கணும். பன்னிரண்டு ஆளு வேணும்."

அந்தப் பன்னிரண்டு பேரில் நாங்கள் இருவரும் இருக்கக்கூடாதே. தட்டிக்கு இந்தப் பக்கம் நின்றோம். பெரியபிள்ளையின் மனைவி எங்களைப் பார்த்தார்.

"என்ன நிக்குதியோ? கேறி வாங்கோ!"

ஏறினோம். எங்கள் பின்னால் மாப்பிள்ளை வீட்டுப் பட்டு வேட்டிகளும் வந்தன. விளக்கை ஊதி அணைக்க ஆள் எண்ணின சித்தப்பாவும் வந்தார். சாதி பார்த்து வரிசையில் நிற்க அங்கே நேரமில்லை. தோளோடு தோள் இடித்துக்கொண்டு கூரையின் ஓரத்தைக் கையில் தாங்கினோம். ஓலைத்தூள் கண்ணில் விழுந்தது. பொன்னையன் பனங்கையில் தொற்றி ஏறி, கத்தியை வாயில் கவ்விக்கொண்டு, கட்டுகளைத் தடவிப் பார்த்தார்.

"இரும்புல கத்தி முட்டப்பிடாது!" என்று கத்தினேன். "பொறி வந்தா தீந்தோம்!"

"தெரியும்வே. சும்மா இரும்."

நடுக்கட்டு. பிறகு வலது கட்டு. "பைய... பைய... இப்பம் தூக்குங்கோ!" தூக்கினோம். கடைசிக் கட்டு அறுந்தது. பனங்கை விலகியது. பன்னிரண்டு பேர் கையில் கூரை ஒரு முழம் மேலே போயிற்று. அந்த நொடியில் பீப்பாய் ஒரு குலுங்கு குலுங்கி நிமிர்ந்தது. பிறகு ஏறியது! எங்கள் முகத்துக்கு நேராக, தண்ணீர் வழிய வழிய, கறுத்த இரும்பு மேலே மேலே ஏறியது. தொட்டியின் குமுறல் அடங்கியது. பட்டு வேட்டிக்காரர் ஒருவர் கூரையைத் தாங்கின கையோடு, "அடேயப்பா, இது எழும்புமாடே!" என்றார். ஆறு மாதமாக அந்தத் தொட்டி அந்த வீட்டில் நின்றது. அன்றைக்குத்தான் முதல்முறையாக மனுஷர் அதைப் பார்த்தார்கள்.

கூரையின் ஓரத்தை முட்டுக்கம்பு கொடுத்துத் திறந்தே நிறுத்தினோம். கடற்காற்று உள்ளே புகுந்து வாடையைக் கொண்டுபோயிற்று. ஒரு மணி நேரம் யாரும் தீ மூட்டக்கூடாது என்றேன். பெரியபிள்ளை தலையாட்டினார்.

இத்தோடு நிறுத்தினால் நான் யோக்கியனாகத் தெரிவேன். நிறுத்தமாட்டேன்.

பயம் தெளிந்ததும் கூட்டத்துக்குக் கோபம் வந்தது. குற்றவாளி வேண்டும். பெரியபிள்ளையின் தங்கை மகன், நல்ல தடியன், பொன்னையனின் வேட்டியைப் பிடித்து இழுத்தான்.

"எலே, கேஸ் தூணுல பந்தலு கெட்ட ஆருடா சொன்னது?"

பொன்னையன் என்னைப் பார்த்தார். பார்த்தார், அவ்வளவுதான்.

முதல் அறை விழுந்தது.

நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. என் வேலை நினைவுக்கு வந்தது, கம்பெனி நினைவுக்கு வந்தது, இத்தனை பேர் முன்னால் என்ற எண்ணம் வந்தது. மூன்று மூச்சு இழுக்கிற நேரம் இருக்கும். கேஸ் பொங்கியபோதுகூட நான் அவ்வளவு நேரம் சும்மா நிற்கவில்லை. அந்த மூன்று மூச்சுக்குள் இரண்டாவது அறையும் விழுந்தது. அவருடைய உதட்டில் ரத்தம்.

"நான் சொன்னேன்!" என்றேன். "அவரு எனக்கிட்ட கேட்டாரு. ரெண்டு மட்டம் கேட்டாரு. நான் திரும்பிப் பாக்காம கெட்டச் சொன்னேன். கல்லுக்கு வெள்ளத்தைத் திறந்துட்டு நிக்காம போனதும் நான்தான். அடிக்கணும்னா இங்க அடி."

ஒருவரும் அடிக்கவில்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பெரியபிள்ளை என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உன் விளக்கு எரிய வேண்டாம்," என்றார். அவ்வளவுதான்.

தவசிப்பிள்ளை மண்ணைக் கிண்டினார். கனல் உயிரோடு இருந்தது. ஊதி எழுப்பினார். அந்தியில் எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் தாலி கட்டினார்கள். சீமைக் கண்ணாடி விளக்கு நடுப்பந்தலில் கறுத்துத் தொங்கியது. அதன் கீழே நிற்க எனக்கு முகமில்லை. பிரதமனில் லேசாகப் புகை மணம் அடித்தது என்றார்கள். ஆனாலும் ஒருவரும் இலையில் மிச்சம் வைக்கவில்லையாம்.

பொன்னையன் கிணற்றடியில் வாயைக் கொப்பளித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன்.

"சொல்லிட்டீரு," என்றார் அவர். "ரெண்டாவது அடிக்கு முன்ன வாயில என்ன கொழுக்கட்டையா இருந்து?"

உங்களில் எவனாவது, தப்பு செய்தபிறகு வாய் திறக்க நேரம் எடுத்துக்கொண்டால், அந்த நேரத்தை இன்னொருவன் தன் கன்னத்தில் வாங்கிக்கொண்டிருக்கிறான் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

நான்கு மாதம் கழித்து அதியன்னூரில் ஒரு வீட்டில் புதுத் தொட்டி. அங்கேயும் கல்யாணம். நான் போய் இறங்கும்போது பந்தல்காரர் எனக்கு முன்னால் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். பொன்னையன். மூங்கிலும் ஓலையும் கட்டாமல் தரையில் கிடந்தன. வீட்டுக்காரர் என்னிடம் பாய்ந்து வந்தார்.

"காலத்தேயிருந்து இந்த ஆளு ஒரு கம்புகூட நாட்டல்ல. கேட்டா, மேஸ்திரி வரட்டுங்குதாரு!"

பொன்னையன் எழுந்திருக்கவில்லை. தொட்டியைக் கையால் காட்டினார்.

"ஏத்தும்."

"இப்பம் கேஸ் இல்லியே பொன்னையா. கல்லு நாளைக்குத்தான் போடுவேன்."

"கேஸ் இல்லாட்டி கயித்தைப் போட்டு இழும். அது எம்மட்டு போவும்னு எனக்குக் கண்ணால பாக்கணும். பாத்த பொறவுதான் நான் கம்பு தொடுவேன்."

கம்பெனியில் அப்படி ஒரு வழக்கமே கிடையாது. புதுத் தொட்டியின் காற்றுத் திருகைத் திறந்துவிட்டு, கப்பியும் கயிறும் போட்டு, நாலு ஆளை வைத்து இழுத்தேன். பீப்பாய் தண்ணீர் சொட்டச் சொட்ட மேலே வந்தது. பாதியில் நிறுத்தி, "போருமா?" என்று கேட்டேன். அவர் தலையை ஆட்டினார். இன்னும் இழுத்தோம். தூண்களின் உச்சிக்கு வந்து நின்றது. பொன்னையன் எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தொட்டியை ஒரு தடவை சுற்றி வந்தார். மறுபடி ஒரு தடவை சுற்றினார். என்னையும் கையைப் பிடித்துத் தன்னோடு சுற்ற வைத்தார். அதன்பிறகுதான் குனிந்து முதல் மூங்கிலை எடுத்தார்.